ஜங்ஷன் அறைக்கு வந்த பெட்டி

அந்த அலுவலகத்தில் அவருடைய பதவிக்குப் பெயர் ஒருங்கிணைப்பு மேலாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அழைத்த பெயர் ஜங்ஷன். பட்டப்பெயர் காதுக்கு எட்டினால் எந்த மனிதனுக்கும் சுருக்கென்று இருக்கும். இவருக்கோ உச்சி குளிர்ந்துபோனது. எல்லா ரயிலும் வந்து நின்றுவிட்டுப் போகிற இடத்துக்குத்தானே ஜங்ஷன் என்று பேர், இதில் என்ன குறை என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரு குறையும் இல்லைங்க" என்றாள்.

அது தண்ணீர் பம்ப் செய்கிற கம்பெனி. தலைமை அலுவலகம் ஓர் ஊரில், பட்டறை வேறோர் ஊரில், கிளைகள் பதினொன்று. கிடங்குக்காரர் பக்கத்தில் இருக்கும் கொள்முதல்காரருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேஜைகளுக்கும் நடுவே பத்தடிதான். கையை நீட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கடிதம் இரண்டு மாடி ஏறி, ஜங்ஷனின் இடது கைப்பக்கத்துத் தட்டில் ஒரு நாள் படுத்துக் கிடந்து, 'பார்த்தேன்' என்ற முத்திரையை வாங்கிக்கொண்டு, வலது தட்டுக்கு மாறி, மறுபடியும் இரண்டு மாடி இறங்கி அந்தப் பத்தடியைக் கடக்கும். படிக்காமல் அவர் ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் படித்து மாற்றியது என்று பார்த்தால் ஏழெட்டுக் காற்புள்ளிகள் தேறும்.

வீட்டிலும் இதே போக்குவரத்துதான். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் போன் செய்வாள். சேதியை அவர் வாங்கி மனைவிக்குச் சொல்வார். மனைவி சொல்லும் பதிலை மறுநாள் ஆறு மணிக்கு மகளுக்குச் சொல்வார். இரண்டு பேரிடமும் போன் இருக்கிறதே, நேராகப் பேசிக்கொண்டால் என்ன என்று யாராவது கேட்டால், "விஷயம் சிந்தாம சிதறாமப் போகணும்ல" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. இடது தட்டும் வலது தட்டும் இல்லாத ஒரு மேஜைக்கு முன்னால் தான் உட்கார்ந்திருப்பதாக இரண்டு தடவை கனவு வந்துவிட்டது. அதனால் இரண்டு வருடம் பணி நீட்டிப்பு கேட்டு மேடத்துக்கு மனு கொடுத்திருந்தார். மேடம் என்றால் நிர்வாக இயக்குநர். அதிகம் பேச மாட்டார், கொடுத்ததையெல்லாம் படித்துவிடுவார். மனுவைப் படித்துவிட்டு, "புதன்கிழமை நிகழ்ச்சி முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

புதன்கிழமை நிகழ்ச்சி இதுதான். புதிதாக ஒரு பம்ப் வரப்போகிறது. பட்டறையில் தலைமை மெக்கானிக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் திருகு திருகாகப் பிரித்து மறுபடி மாட்டிக் காட்டுவார். அதைப் பதினோரு கிளை மெக்கானிக்குகளும் அதே நேரத்தில் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பு, ஒருங்கிணைப்பு மேலாளர். ஆக, அவருடைய இரண்டு வருடமும் அந்தப் பம்ப்பின் திருகுகளில் மாட்டிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் வலையமைப்புப் பொறியாளர் அவர் அறைக்கு வந்தாள். முப்பது வயதுக்காரி. தோளில் எப்போதும் சுருட்டிய வயர் ஒன்று தொங்கும். கையெழுத்து வாங்க வந்தவளை உட்காரவைத்து, என்ன ஏது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவரிடம் கையெழுத்து வாங்க வருகிற எல்லோருக்கும் அந்தத் தண்டனை உண்டு.

"முன்னாடியெல்லாம் பதினோரு கிளைக்கும் ஒரே படத்தைப் பதினோரு தடவை அனுப்பிட்டிருந்தோம் சார்" என்றாள் அவள். "இப்ப பட்டறையிலேர்ந்து ஒரே ஒரு பிரதிதான் கிளம்பும். வழி எங்க பிரியுதோ, அங்க இருக்குற ரூட்டர் பிரதி எடுத்து ரெண்டு பக்கமும் அனுப்பிக்கும்."

"நல்ல ஏற்பாடு. யார் யாருக்கு அனுப்பணும்னு பட்டறைக்கு யாரு லிஸ்ட் குடுப்பா?"

"லிஸ்டே கிடையாது சார். யார் பார்க்குறாங்கன்னு அனுப்புறவங்களுக்குத் தெரியாது. யார் அனுப்புறாங்கன்னு பார்க்குறவங்களுக்கும் தெரியாது. அதனால நடுவுல பொதுவா ஒரு இடம் வெச்சிருக்கோம். என்கிட்ட படம் இருக்குன்னு பட்டறை அங்க வந்து சொல்லும். எனக்குப் படம் வேணும்னு கிளையும் அங்கதான் வந்து கேட்கும். அந்த இடத்துக்குப் பேரு சந்திப்பு முனை."

ஜங்ஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தான் செய்துவருகிற வேலைக்கு உலகத்தில் எங்கோ யாரோ ஒரு பெயர் வைத்து, ஒரு பெட்டியையும் செய்து வைத்திருக்கிறார்கள்! அவருக்குக் கண் கலங்காத குறைதான்.

"அது எங்கம்மா இருக்கு?"

"கீழ சர்வர் ரூம்ல சார். பழைய ரூட்டர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதையே வெச்சிட்டேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல அதுக்கு."

"பெரிய வேலை இல்லையா? எல்லாம் அது வழியாத்தானே போகுதுங்கறே?"

அவள் விவரம் தெரியாமல் வாயை விட்டாள். "முதல் படம் மட்டும்தான் சார் அது வழியாப் போகும். அது வந்ததும் யார் அனுப்புறாங்கன்னு கிளை ரூட்டருக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் அதுவே குறுக்கு வழி பார்த்து நேரா பட்டறையோட சேர்ந்துக்கும். அப்புறம் சந்திப்பு முனை ஒதுங்கிக்கும்."

"ஒதுங்கிக்குமா?"

"ஆமா சார். அறிமுகம் பண்ணி வைக்கிறதுதான் அதோட வேலை."

ஜங்ஷனின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேரைச் சேர்த்து வைத்தவனை வாசலோடு அனுப்பிவிட்டு அவர்கள் பாட்டுக்கு உள்ளே போய்ப் பேசிக்கொள்வதா? இது என்ன மரியாதை? ஒரு பெட்டிக்கு இன்று நடப்பதுதான் நாளைக்கு ஒரு மனிதனுக்கும் நடக்கும் என்று அவருக்குச் சட்டென்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குறுக்கு வழியெல்லாம் வேண்டாம். கடைசிவரைக்கும் சந்திப்பு முனை வழியாவே போகட்டும். பண்ண முடியாதா?"

"பண்ணலாம் சார். எல்லா ரூட்டர்லயும் ஒரு வரி எழுதினாப் போதும். ஆனா சுத்து வழி சார். பட்டறையும் நாலாவது கிளையும் ஒரே சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கு. அந்தச் சுவரைத் தாண்ட வேண்டிய படம் இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பிப் போகும்."

கிடங்குக்காரருக்கும் கொள்முதல்காரருக்கும் நடுவே இருந்த பத்தடி அவருக்கு நினைவு வந்திருக்கலாம். வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். ஒரு தாளை எடுத்து, 'கிளைகள் பட்டறையுடன் நேரடியாகத் தொடர்பு கொள்ளக் கூடாது. அனைத்தும் சந்திப்பு முனை வழியாகவே செல்ல வேண்டும்' என்று எழுதி, தானே எழுதியதைத் தானே ஒரு தடவை படித்து, 'பார்த்தேன்' என்று முத்திரை குத்தினார். கையோடு இன்னொன்றும் சொன்னார். அவ்வளவு முக்கியமான பெட்டி சர்வர் ரூம் தூசியில் கிடக்கக் கூடாது, அது தன் அறையில்தான் இருக்க வேண்டும்.

பெட்டி வந்தது. கீழேயிருந்து இரண்டு மாடி ஏறி வந்த ஒற்றை வயரோடு, அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் உட்கார்ந்தது. உள்ளே இருந்த விசிறி நாள் முழுக்க உறுமியது. வருகிறவர்கள் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அதிலும் அவருக்கு ஒரு திருப்தி. பச்சை விளக்குகள் கண் சிமிட்டுவதைக் காட்டி, "பாருங்க, ஒரு நிமிஷம் ஓயுதா?" என்று பெருமைப்பட்டார். பெட்டியைத் துடைக்க வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை ஒத்திகை. மேடம் கூட்ட அறையில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பட்டறையில் தலைமை மெக்கானிக் வணக்கம் சொல்லிச் சுத்தியலைத் தூக்கினார். தூக்கிய சுத்தியல் இறங்கவில்லை. அவருடைய மீசை ஒரு கட்டத்திலும் மூக்கு வேறொரு கட்டத்திலும் போய் உட்கார்ந்தன. ஒரு படம் மாடியேறிப் பதினோரு படமாக இறங்க வேண்டும். அத்தனைக்கும் இருந்தது அந்த ஒற்றை வயர். அது என்னதான் செய்யும், பாவம்.

நாலாவது கிளை மேலாளர் போனில் கூப்பிட்டார். மேடம் ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்.

"சார், சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நல்லாக் கேட்டுச்சு. பம்ப்பைப் பிரிச்சு முடிச்சிட்டாங்க போலிருக்கேன்னு நாங்க எந்திரிச்சுப் போய் டீ குடிச்சிட்டு வந்தோம். ஸ்கிரீன்ல இன்னும் சுத்தியலைத் தூக்கிக்கிட்டே நிக்கிறார் சார். கை வலிக்காதா அவருக்கு?"

கூட்ட அறையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். மேடம் சிரிக்கவில்லை. "புதன்கிழமை இப்படி இருக்கக் கூடாது" என்று ஜங்ஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டு வருடத்தில் ஒரு வருடம் அப்போதே கையைவிட்டுப் போனதுபோல இருந்தது அவருக்கு.

அரை மணி நேரத்தில் பொறியாளர் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள். குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரே ஒரு தாளை நீட்டினாள். குறுக்கு வழித் தடையை நீக்க அனுமதி வேண்டும் என்று இருந்தது.

"எழுதினதை அழிக்க எதுக்கும்மா என் கையெழுத்து?"

"உங்க விதி சார் அது."

பேனாவைத் திறந்தார். மனம் வரவில்லை. "நேராப் போயிடுச்சுன்னா, அப்புறம் இது எதுக்கு? மூடி வெச்சிடலாமே" என்று முக்காலியைக் காட்டினார்.

"அய்யய்யோ, மூடக் கூடாது சார். படம் இங்க வராட்டியும் பட்டறை நிமிஷத்துக்கு ஒரு தடவை இதுக்கு ஒரு வெத்துக் கவர் அனுப்பிட்டே இருக்கும். உள்ள ஒண்ணுமே இருக்காது. நான் இங்க இருக்கேன்னு சொல்றதுக்கு மட்டும்தான். இதுவும் 'சரி, தெரிஞ்சுக்கிட்டேன், படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், நிறுத்திக்கோ'ன்னு பதில் போடும்."

"நிறுத்திக்கோன்னு இதுவே சொல்லுமா?"

"இதுதான் சார் சொல்லணும். வேற யாரும் சொல்ல முடியாது. இது சொல்ற வரைக்கும் பட்டறை பாட்டுக்கு ஒவ்வொரு படத்தையும் உறைக்குள்ள போட்டு இதுக்குக் குடுத்துட்டேதான் இருக்கும்."

முட்டாள் பெட்டி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரையை வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தியதில் 'பார்த்தேன்' பாதிதான் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் போன் செய்தாள். வீடு மாறப்போகிறார்களாம். மூன்றாவது மாடி, நல்ல வெளிச்சமாம். நாள் பூராவும் அடிபட்டுக் கிடந்தவருக்கு இந்தச் சேதி கொஞ்சம் தெம்பு கொடுத்தது. மனைவியிடம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"அப்படியா!" என்று மனைவி வாயைப் பிளந்தாள். "எப்ப மாறுறாளாம்?"

"அதை நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்றவரின் கண் தையல் மெஷின் மேல் விழுந்தது. நீல நிறத்தில் ஜன்னல் திரைகள். நான்கு தைத்து மடித்து வைத்தாயிற்று, ஐந்தாவது ஊசிக்குக் கீழே இருந்தது. அவர்கள் வீட்டில் நீலத் திரை கிடையாது. பக்கத்தில் மனைவியின் போன் வெளிச்சத்தோடு கிடந்தது. அதில் ஒரு தாளின் படம். 'கூடம் இரண்டு, படுக்கையறை இரண்டு, சமையலறை ஒன்று, அது மட்டும் குட்டையா வேணும்மா' என்று மகளின் கையெழுத்து.

அவர் அந்தப் போனையும் திரைகளையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது தெரிந்து அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"அவ படிக்க ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து."

"பன்னெண்டு வருஷமா?"

"தினமும் மத்தியானம் பேசுவோங்க. சண்டைகூடப் போட்டுக்குவோம். எல்லாத்தையும் உங்க வழியா எப்படிச் சொல்றது? அவ மொத மொதல்ல அழுதப்போ நீங்க எனக்கு என்ன சொன்னீங்க தெரியுமா? 'அங்க எல்லாம் திருப்தியா இருக்குன்னு தகவல்'னு சொன்னீங்க."

அவருக்கு அப்படிச் சொன்னது ஞாபகம் இருந்தது. மகள் விசும்பியதை மனைவிக்குச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அன்று திருத்திச் சொன்னார். காற்புள்ளி மாற்றுவதுபோல.

"அப்ப தினமும் ஆறு மணிக்கு எனக்கு எதுக்குப் பண்றா? என்னை வெச்சு வேடிக்கையா?"

"வேடிக்கை இல்லைங்க" என்றாள் மனைவி. "உங்ககிட்ட பேசணும்னு தோணுது, பேசுறா. உங்களுக்கு ஒரு விஷயம் குடுத்தாத்தான் போனைக் காதுல வெச்சிருப்பீங்க. அதனால ஏதாவது ஒண்ணைத் தேடிப் பிடிச்சுச் சொல்றா."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தனக்குத் தெரிந்துவிட்டதை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். கோபமா, அவமானமா என்று அவருக்கே விளங்கவில்லை. இரண்டும் இருந்தன, அவமானம் ஒரு பிடி கூடுதலாக.

புதன்கிழமை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. எல்லோரும் கூட்ட அறையில் இருந்தார்கள். அவர் போகவில்லை. சந்திப்பு முனையைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தன் அறையில் உட்கார்ந்துகொண்டார். தொடங்கிய ஒரு நிமிடம் பச்சை விளக்குகள் பரபரவென்று அடித்துக்கொண்டன. அப்புறம் அடங்கிவிட்டன. எப்போதாவது ஒன்று சிமிட்டியது, அவ்வளவுதான். வராந்தா வழியாகக் கூட்ட அறையிலிருந்து தலைமை மெக்கானிக்கின் குரல் தெளிவாக வந்தது. சுத்தியல் தூக்கிய சுருக்கில் இறங்கும் சத்தமும் கேட்டது.

பதினேழு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கண்ணெதிரில், தன் அறையில், தான் மஞ்சள் துணியால் துடைத்து வைத்த பெட்டியை எவனும் சட்டை செய்யவில்லை. அவருக்குள் ஏதோ பொங்கியது. இது இல்லாமல் நடந்துவிடுமா, அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

விசிறி உறுமலை நிறுத்தியது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கையில் வயரோடு நின்று, கூட்ட அறையில் கூச்சல் கிளம்பும், பதினோரு கிளையும் போனில் அலறும், பொறியாளர் ஓடிவருவாள் என்று காத்திருந்தார். மெக்கானிக் ஏதோ ஜோக் சொன்னார். கூட்ட அறையில் சிரித்தார்கள். ஒருவேளை கொஞ்ச நேரம் ஆகும்போல என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. மெக்கானிக் பம்ப்பின் வயிற்றைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஜங்ஷனுக்குக் கால் வலித்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமும் இப்படித்தான் நடந்திருக்குமோ என்ற கேள்வி அப்போதுதான் வந்தது, வந்தபின் போகவே இல்லை.

பத்தாவது நிமிடத்தில் போன் அடித்தது. அவர் துள்ளி எழுந்தார். ஏழாவது கிளையின் மெக்கானிக்.

"சார், எங்களுக்கு நடுவுல கரண்ட் போயிடுச்சு. இப்பதான் வந்துச்சு. எல்லாத்தையும் போட்டாச்சு, ஸ்கிரீன் மட்டும் கருப்பாவே இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் படம் வருதாமே சார். எங்களுக்கு மட்டும் யாரைக் கேக்குறதுன்னு தெரியல."

யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் சேர்ந்திருந்தார்கள். தாமதமாக வந்த ஒருவன், கதவு எது என்று தெரியாமல் வெளியே நிற்கிறான். ஜங்ஷன் பிளக்கை மாட்ட ஓடினார். அவசரத்தில் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மாட்டியது. பெட்டி சாவகாசமாக எழுந்து, உறுமி, சோம்பல் முறித்தது. அதற்கு ஆன நான்கு நிமிடமும் அவர் போனை வைக்கவில்லை. "லைன்லயே இருங்க தம்பி, இதோ வந்துடும், இப்ப வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வந்துடுச்சு சார்!" என்ற குரல் கேட்டபோது வாசலில் பொறியாளர் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. பெட்டியைப் பார்த்தாள், சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தாள், அவர் கையில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அவளுடைய அறிக்கை இடது தட்டுக்கு வந்தது. மேடத்துக்குப் போவதும் அவர் வழியாகத்தானே போக வேண்டும். நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது என்று முதல் வரி. கடைசி வரியில், 'பதினொன்று பதினேழு முதல் பதினொன்று முப்பத்தொன்று வரை சந்திப்பு முனையின் பிளக் கழன்றிருந்தது. ஏழாவது கிளை மட்டும் பாதிக்கப்பட்டது' என்று இருந்தது.

கழன்றிருந்தது. யார் கழற்றியது என்று இல்லை. அவர் தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவள் ஒதுங்கியிருந்தாள். முத்திரையைக் குத்தி அனுப்பினால் இரண்டு வருடம் அநேகமாகக் கையில். நிகழ்ச்சிதான் நன்றாக நடந்துவிட்டதே. அவர் தாளை மூன்று தடவை படித்தார். மகளின் அழுகையை 'திருப்தி' என்று திருத்திக் கொடுத்த அதே கை மேஜைமேல் இருந்தது. பேனாவைத் திறந்து, அந்த வரிக்குக் கீழே, 'கழற்றியவன் நான். வேண்டுமென்றே செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் முத்திரை குத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தில் அவர் செய்த உருப்படியான திருத்தம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து மேடத்தின் உத்தரவு இடது தட்டில் வந்து விழுந்தது. பணி நீட்டிப்பு இல்லை. அவருக்குப் பிறகு அந்தப் பதவியும் இல்லை. பிரிவுகள் இனித் தங்களுக்குள் நேராகவே எழுதிக்கொள்ளலாம். மீதமுள்ள மூன்று மாதத்தில், புதிதாகத் திறக்கப்போகும் மூன்று கிளைகளுக்கும், எதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அடியில் நீல மையில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு வரி: 'உங்கள் விதிப்படி, உங்கள் முத்திரை விழுந்த பிறகே இது அமலுக்கு வரும்.'

நினைத்தால் அந்தத் தாளை மூன்று மாதமும் இடது தட்டின் அடியிலேயே போட்டு வைக்கலாம். கேட்பாரில்லை. மத்தியானம் வரை போட்டும் வைத்திருந்தார். மேலே வேறு தாள்களை அடுக்கினார், எடுத்தார், மறுபடி அடுக்கினார். முக்காலியில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்திக்கோ என்று அதுதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். முத்திரையை எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, நேராகக் குத்தினார். 'பார்த்தேன்' முழுசாக விழுந்தது. தாளைத் தானே எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, கிடங்குக்காரரின் மேஜையில் ஒரு நகலையும், பத்தடி நடந்து கொள்முதல்காரரின் மேஜையில் ஒரு நகலையும் வைத்துவிட்டு வந்தார்.

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "அப்பா, பால்கனிக் கதவுக்கும் ஒரு திரை வேணும்னு அம்மாகிட்ட சொல்லிடுறீங்களா?"

"மத்தியானமே சொல்லியிருப்பியே."

"அம்மா சொல்லிட்டாங்களா? கோபமாப்பா?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"கோபம் திங்கட்கிழமை. இப்ப இல்ல. நீ அம்மாகிட்ட சொல்ல வேண்டியதை அம்மாகிட்டயே சொல்லிக்கோம்மா. இனிமே எனக்காக விஷயம் தேட வேண்டாம். போதும்." சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். போனைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தார். ஆறு அடித்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஒன்று. ஆறு இரண்டு. நான்தானே வேண்டாம் என்றேன், இதில் யாரைக் குறை சொல்வது என்று எழுந்து உள்ளே போகப் பார்த்தார். ஆறு மூன்றுக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா, என்ன விஷயம்?"

"ஒரு விஷயமும் இல்லப்பா. சும்மாதான். நீங்க இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"இருக்கேம்மா" என்றார்.